காணி ஓடாது, அதன் பெறுமதி ஓடும்

"சல்லி கையில நிண்டாக் கரஞ்சி போயிரும். ஒரு துண்டுக் காணிய வாங்கிப் போடு மகன், அது எங்கயும் ஓடாது." கட்டாருக்கோ சவூதிக்கோ போகும் பிள்ளைக்கு நம் ஊர்களில் வாப்பாமார் சொல்லும் புத்திமதி இது. இரண்டு, மூன்று தலைமுறையாக நம் சேமிப்பின் பெரும் பகுதி இந்தச் சொல்லை நம்பித்தான் காணியாகவும் கடையாகவும் வீடாகவும் மாறியிருக்கிறது.

இதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வட்டிக்கு அஞ்சி வங்கி வைப்பைத் தவிர்ப்பவருக்கு வேறு வழி அதிகம் இருக்கவில்லை. கிழக்கில் மணமகன் மணமகள் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பதே வழக்கமாதலால், ஒவ்வொரு பெண் பிள்ளைக்கும் ஒரு வீடு தேவைப்பட்டது. அதுவும் ஊருக்குள்ளேயே தேவைப்பட்டது. காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற நெரிசலான ஊர்களில் பேர்ச் விலை ஏறியதற்கு முதலீட்டு ஆசையைவிட இதுவே பெரிய காரணம். தெற்கிலும் மலைநாட்டிலும் வியாபாரம் செய்தவர்களுக்கோ, பிரதான வீதியில் சொந்தக் கடை என்பது தொழிலுக்கும் கௌரவத்துக்கும் ஒரே அத்திவாரமாக இருந்தது.

ஆனால் 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகும், கையடக்கத் தொலைபேசியிலேயே கடையும் வங்கியும் வந்துவிட்ட பிறகும், அந்தப் பழைய புத்திமதி அப்படியே பொருந்துமா? "காணி பாதுகாப்பானது" என்று சொல்லும்போது நாம் மூன்று வெவ்வேறு விடயங்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறோம். ஒன்று, அதன் விலை குறையாது. இரண்டு, வேண்டிய நேரத்தில் விற்றுப் பணமாக்கலாம். மூன்று, அது என்னுடையதுதான் என்பதில் சந்தேகம் வராது. இம்மூன்றும் தனித்தனி. ஒன்று இருந்து மற்றது இல்லாமற் போகலாம். அதைத் தனித்தனியாகப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2022 சொல்லித் தந்த கணக்கு

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. ஏப்ரல் 12இல், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. வருட ஆரம்பத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவைத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம்.

இப்போது ஓர் உதாரணக் கணக்கு. 2022 தொடக்கத்தில் ஒருவரிடம் பேர்ச் 10 இலட்சம் ரூபா பெறுமதியான காணி இருந்தது என்று வைப்போம். அன்றைய நாணய மாற்றில் அது 5,000 டொலர். டொலர் 360 ரூபாவான பிறகு அவர் அதை 14 இலட்சத்துக்கு விற்றார். "40 சதவீத இலாபம்" என்று ஊரில் பேச்சு. ஆனால் அந்த 14 இலட்சம் இப்போது 3,900 டொலர்கூட இல்லை. பழைய பெறுமதி அப்படியே நிற்க வேண்டுமானால் 18 இலட்சத்துக்கு விற்றிருக்க வேண்டும். ரூபாவில் ஏறியது, உண்மையில் இறங்கியது.

அதே 10 இலட்சத்தைக் காசாகவே பெட்டியில் வைத்திருந்தவர் நிலை என்ன? அவரிடம் மிஞ்சியது 2,800 டொலருக்கும் குறைவு. ஆகவே மூத்தவர்கள் சொன்னது பொய்யல்ல. சும்மா கிடக்கும் காசைவிடக் காணி நன்றாகவே தாங்கிப் பிடித்தது. தாங்கிப் பிடித்ததை வளர்ச்சி என்று எண்ணியதுதான் நம் பிழை.

இரண்டாவது பாடம், விற்கும் வசதி பற்றியது. அந்த வருடக் கடைசியில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கே 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. கையில் பணமுள்ள பலர் அந்தப் பக்கம் போனார்கள். காணி வாங்க ஆள் குறைந்தது. சத்திரசிகிச்சைக்கோ, பிள்ளையை வெளிநாடு அனுப்பவோ அவசரமாக விற்க வேண்டியவர், வாங்குபவர் சொன்ன விலைக்கு இறங்க வேண்டியதாயிற்று. காணியின் விலை விளம்பரத்தில் எழுதியிருப்பதல்ல. நீங்கள் விற்க வேண்டிய அந்த வாரத்தில் ஒருவர் காசோடு வந்து தருவதுதான்.

மூன்றாவது பாடம் கடன் பற்றியது. மாறும் வட்டியில் கடன் எடுத்துக் கட்டடம் எழுப்பியவர்களின் மாதத் தவணை திடீரென்று ஏறியது. சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரட்டிப்புக்கு மேலாயிற்று. பாதியில் நின்ற கொங்கிறீட் தூண்களை நம் ஊர்களில் இன்றும் காணலாம். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த ஆதனத்தை நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விற்க வங்கிக்கு அதிகாரம் உண்டு. 'பராட்டே' என்று சொல்வது இதைத்தான். நெருக்கடியில் சிக்கிய தொழில் முயற்சியாளர்களின் கோரிக்கையால் 2024இல் அரசாங்கம் இந்த அதிகாரத்தைச் சில காலம் இடைநிறுத்தி வைக்கும் அளவுக்கு நிலைமை போனது. கடனில்லாத காணி நெருக்கடியில் காத்திருக்கும். கடனுள்ள காணி காத்திருக்காது.

இடத்தின் பெறுமதியை மாற்றும் கைத்தொலைபேசி

காணி வியாபாரத்தில் "இடம்" என்பதே எல்லாம் என்று சொல்வார்கள். ஆனால் ஓர் இடத்துக்குப் பெறுமதி தருவது அங்கே வரும் ஆட்கள்தான். ஆட்கள் வரும் வழியைத் தொழில்நுட்பம் மாற்றிக்கொண்டிருக்கிறது.

பிரதான வீதிக் கடையை எடுத்துக்கொள்வோம். துணியும் கைத்தொலைபேசியும் வீட்டுப் பாவனைப் பொருளும் இணையத்தில் பார்த்து, வீட்டு வாசலில் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் கொவிட் காலத்தில் வேரூன்றிவிட்டது. வியாபாரிக்கு இப்போது வீதி முகப்பில் 20 அடி தேவையில்லை. உள் ஒழுங்கையில் ஒரு களஞ்சியமும், லொறி திரும்ப இடமும் போதும். ஆகவே முகப்புக் கடையின் வாடகை இனி எப்போதும் ஏறிக்கொண்டே போகும் என்று எண்ணி வாங்குபவர் யோசிக்க வேண்டும். சாப்பாட்டுக் கடை, மருந்தகம், பல் வைத்தியம், தையல், திருத்த வேலை போன்று ஆள் நேரே வந்தே ஆக வேண்டிய தொழில்களுக்கு முகப்பின் தேவை அவ்வளவு குறையவில்லை. கடை வாங்கும்போது "யார் வாடகைக்கு வருவார்?" என்ற கேள்வியை இந்தப் பிரிவினையோடு கேட்க வேண்டும்.

இன்னொரு பக்கம், தொழில்நுட்பம் புதிய பெறுமதியையும் உண்டாக்குகிறது. பொத்துவில் அறுகம்பையில் சாதாரண வளவில் இரண்டு அறை கட்டியவர், இணைய முன்பதிவுத் தளங்கள் மூலம் ஐரோப்பாவிலிருந்து நேரடியாக விருந்தாளியைப் பெற முடிகிறது. தரகரும் பெரிய ஹோட்டலும் இடையில் இல்லை. ஆனால் அங்கே அலைச்சறுக்கல் பருவம் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரைதான். 2019 ஏப்ரல் தாக்குதல், அதைத் தொடர்ந்த கொவிட், 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் விடுத்த பாதுகாப்பு எச்சரிக்கை ஆகிய ஒவ்வொன்றும் அறைகளை எவ்வளவு விரைவாகக் காலியாக்கின என்பதை அங்குள்ளவர்கள் அறிவார்கள். அந்த வருமானத்தை நம்பித் தவணைக் கடன் எடுப்பது ஆபத்து.

காணி விளம்பரத் தளங்கள் விலையைத் தெரிந்துகொள்ள உதவுகின்றன என்பது உண்மை. ஆனால் அங்கே காண்பது கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. பத்து விளம்பரங்கள் ஒரே விலையைச் சொன்னால் அதுவே சந்தை விலை என்று மயங்கிவிடக் கூடாது. ஆறு மாதமாக அதே விளம்பரம் அப்படியே கிடக்கிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கும்.

தொழில்நுட்பம் தரும் மிகப் பயனுள்ள உதவியை நாம் குறைவாகவே பயன்படுத்துகிறோம். செய்மதிப் படத்தில் ஒரு காணியின் பழைய வருடங்களைப் பின்னோக்கிப் பார்க்கலாம். நிரப்பிய வயலா, வெள்ளம் நின்ற இடமா, பாதை உண்மையில் இருந்ததா என்பதெல்லாம் தெரியும். அக்குறணை நகரம் அடிக்கடி வெள்ளத்தில் மூழ்குவதை நாடே அறியும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை கட்டடத் தடை அறிவிக்கப்பட்டபோது, கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருதுக் கடற்கரையில் பரம்பரையாக இருந்தவர்களின் காணி ஒரே உத்தரவில் வீடு கட்ட முடியாத மணலாயிற்று. பிறகு தடை தளர்த்தப்பட்டது. இருந்தாலும் "காணி ஓடாது" என்ற சொல்லுக்கு அந்த நாட்கள் ஒரு பதில்.

உறுதி இருந்தால் போதுமா?

விலையைவிட ஆழமான பிரச்சினை உரித்து. நம்மவர் அதிகம் இழப்பது இங்கேதான்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும். வெள்ளைத் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கையொப்பம் வாங்கியதெல்லாம் காணியை மாற்றாது. அடுத்தது, 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டம். இதன்படி பதிவகத்தில் பதியப்படுவது உறுதிதான், உரிமை அல்ல. பதிவாளர் "இவர்தான் சொந்தக்காரர்" என்று உத்தரவாதம் தருவதில்லை. விற்றவருக்கு உரிமை இருக்கவில்லையென்றால், பதிந்த உறுதியாலும் வாங்கியவருக்கு உரிமை வராது.

ஆனாலும் பதிவு அவசியம். ஏனென்றால் ஒருவர் ஒரே காணியை இருவருக்கு விற்றால், பெறுமதி கொடுத்து, சூதில்லாமல், முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. முதலில் வாங்கியவர் உறுதியை அலுமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு இருந்தால், அந்தப் பத்திரம் அவரைக் காப்பாற்றாது.

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம். 'பிம் சவிய' என்ற பெயரில் அறியப்படும் திட்டம் அதன் கீழ் நடப்பது. அரச நில அளவையாளர் ஒவ்வொரு துண்டையும் அளந்து, உரிமை கோரல்களை விசாரித்து, உரிமையையே பதிகிறார்கள். பதிவுகளைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலையும் நடக்கிறது. ஆனால் நாட்டின் பெரும் பகுதி இன்னும் பழைய உறுதிப் பதிவில்தான் இருக்கிறது. பிழையான உறுதியைக் கணினியில் ஏற்றினால் அது கணினியில் உள்ள பிழையான உறுதி. அவ்வளவுதான். முதலில் அளவையும் விசாரணையும் சரியாக நடக்க வேண்டும். ஊரில் அந்த விசாரணை வரும்போது "பிறகு பாப்பம்" என்று இருந்துவிடக் கூடாது.

நம் சமூகத்துக்கு விசேடமான சிக்கல்கள் நான்கு.

முதலாவது, பிரிக்கப்படாத பங்கு. வாப்பா மௌத்தானதும் வாரிசுப் பங்குகள் மார்க்கச் சட்டப்படி தெளிவாக இருக்கின்றன. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் மரணசாசனமில்லா உரிமைக் கட்டளைச் சட்டமும் அதையே ஏற்கிறது. ஆனால் பங்கு பிரித்து உறுதி எழுதுவதை நாம் தள்ளிப் போடுகிறோம். மூன்று தலைமுறைக்குப் பின் 40 பேர் ஒரு வளவுக்குச் சொந்தக்காரர். ஒருவர் தன் பங்கை விற்றாலும், வாங்கியவர் எந்த மூலையில் வேலி போடுவது? அது பிரிவினை வழக்கில் முடியும். அந்த வழக்கைத் தொடங்கியவர்களே தீர்ப்பைக் காணும்வரை வாழ்வதில்லை.

இரண்டாவது, மகளுக்கு எழுதும் நன்கொடை உறுதி. அதே 1931ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு முக்கிய விதி இருக்கிறது: மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே சொல்லப்படாவிட்டால், நன்கொடை மீளப்பெற முடியாததாகக் கொள்ளப்படாது. மகள் வீட்டை நம்பித் தன் சம்பாத்தியத்தையும் கணவனின் உழைப்பையும் போட்டு மேல்மாடி கட்டிய பிறகு குடும்பத்தில் மனத்தாங்கல் வந்தால் என்ன ஆகும்? உறுதியில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பார்ப்பது நல்லது. உறுதியை மகளின் கையில் கொடுப்பதும் முக்கியம். ஆதனத்தைக் கையளித்ததற்கு அதையே சான்றாகச் சட்டம் ஏற்கிறது.

மூன்றாவது, பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரக் காணியை நினைத்தபடி விற்க முடியாது. "எல்லாரும் வாங்குறாங்க, ஒண்டும் ஆகாது" என்று மலிவு விலைக்கு வாங்கியவரின் கையில் இருப்பது விற்றவரின் வாக்கு மட்டுமே. இத்தகைய காணிகளுக்கு முழு உரிமை வழங்க 2024இல் 'உறுமய' திட்டம் தொடங்கப்பட்டது. அந்த உரிமை பத்திரத்தில் பெயருள்ளவருக்கு உரியது. இடையில் காசு கொடுத்தவருக்கு அல்ல.

நான்காவது, ஆளில்லாத காணி. 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் 10 வருடம் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டால் அவர் அதற்கு உரிமை கோரலாம். வெளிநாட்டில் இருந்துகொண்டு எல்லைக் கல்லைக்கூடப் பார்க்காதவர்களுக்கு இது எச்சரிக்கை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களுக்கு இது வெறும் சட்டப் பாடமல்ல. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை இந்த 10 வருடக் கணக்கில் சேர்க்காமல் விட வழி செய்தது. ஆனால் வழக்குத் தொடரக் குறுகிய கால எல்லையே இருந்தது. உறுதியும் வரைபடமும் கையில் இருந்தவர்கள் பேச முடிந்தது. எரிந்தும் தொலைந்தும் போனவர்கள் பிரதிக்கு அலைந்தார்கள். உறுதிகளை ஒளிப்பட நகலாக்கி இரண்டு மூன்று இடங்களில் வைப்பது, தொழில்நுட்பம் நமக்குச் செய்யும் மிக எளிய உபகாரம்.

மார்க்கம் கேட்கும் கேள்விகள்

வட்டியில்லாமல் வீடு வாங்க இன்று வழி உண்டு. 2005இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து இஸ்லாமிய வங்கி முறைக்கு இங்கே சட்ட இடம் கிடைத்தது. குறைந்து செல்லும் பங்குடைமை என்ற முறையில், வங்கியும் வாடிக்கையாளரும் கூட்டாக வீட்டை வாங்குகிறார்கள். வங்கியின் பங்குக்கு வாடிக்கையாளர் வாடகை கொடுத்துக்கொண்டே, அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்குகிறார். ஆனால் வாடகை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாறும், எதை வைத்து மாறும், உச்ச எல்லை உண்டா என்பதைக் கையொப்பம் வைக்கும் முன்னர் கேட்க வேண்டும். ஒப்பந்தம் ஹலாலாக இருப்பது ஒன்று, தவணை நம் சக்திக்குள் இருப்பது வேறொன்று.

கட்டாத மாடிக் குடியிருப்பை வரைபடம் பார்த்து வாங்குவது கொழும்பில் பழகிவிட்டது. தெளிவான அளவும் தரமும் விலையும் குறிப்பிட்டுக் கட்டித் தரச் சொல்லும் 'இஸ்திஸ்னா' ஒப்பந்தமாக இதை அமைக்கலாம். ஆனால் கட்டி முடித்துக் கையேற்கும் முன்பே இலாபத்துக்குக் கைமாற்றுவதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்பதில்லை. அந்த விதியைப் பேணியவர்கள், 2022இல் கட்டட வேலைகள் நின்றபோது ஒரு பெரிய சங்கிலிச் சிக்கலிலிருந்தும் தப்பினார்கள். வாங்கும்போது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிமனை உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடம் பதியப்படுமா என்பதைச் சட்டத்தரணி மூலம் உறுதிப்படுத்த வேண்டும். பதியாத மாடிமனைக்குத் தனி உரித்து இல்லை.

அடுத்தது ஸகாத். குடியிருக்கும் வீட்டுக்கு ஸகாத் இல்லை. வாடகைக்கு விட்ட கட்டடத்தின் பெறுமதிக்கும் இல்லை. மிஞ்சிய வாடகைப் பணத்துக்கு, நிபந்தனைகள் பூர்த்தியானால், உண்டு. ஆனால் விலை ஏறியதும் விற்கலாம் என்ற நிய்யத்தோடு வாங்கிய காணி வியாபாரப் பொருள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அதற்கு வருடா வருடம் சந்தைப் பெறுமதியில் 2.5 சதவீதம் கடமையாகும். 80 இலட்சம் பெறுமதியென்றால் வருடம் 2 இலட்சம். மாலிகி மத்ஹபிலோ, விலை ஏறும்வரை காத்திருப்பவர் விற்ற பிறகு ஒரு வருடத்துக்குக் கொடுத்தால் போதும் என்ற கருத்து உண்டு. கையில் காசில்லாதவர்கள் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நல்லது. எப்படியானாலும், சும்மா கிடக்கும் காணிக்கும் ஒரு செலவு உண்டு என்பதை இது நினைவூட்டுகிறது.

வாங்கும் முன் போடும் கணக்கு

இரண்டு கோடிக்கு ஒரு வீடு வாங்கி மாதம் 60,000 ரூபாவுக்கு வாடகைக்கு விட்டால், வருடத்தில் 7 இலட்சத்து 20 ஆயிரம். இது 3.6 சதவீதம். இரண்டு மாதம் காலியாகக் கிடந்து, வரிக்கும் திருத்த வேலைக்கும் ஓர் இலட்சம் போனால் மிஞ்சுவது 5 இலட்சம், அதாவது 2.5 சதவீதம். விற்கும்போது வாங்குபவர் தலையில் ஏறத்தாழ 4 சதவீத முத்திரைத் தீர்வை விழும். அதையும் மனத்தில் வைத்துத்தான் அவர் விலை பேசுவார். தரகர் கூலியும் உண்டு. மூலதன இலாப வரி 2018 ஏப்ரலில் 10 சதவீதமாக மீண்டும் வந்தது. விற்கும் வருடத்தின் வீதத்தைக் கேட்டறிய வேண்டும். இத்தனைக்கும் பிறகு அந்த முதலீடு சரியென்றால் வாங்கலாம். தவறில்லை. ஆனால் கணக்குப் போட்டு வாங்க வேண்டும்.

இக்கட்டுரை காணி வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குடியிருக்க, தொழில் செய்ய, வாடகைக்கு விட, பயிர் செய்ய என்று ஒரு பயன் தெரிந்து, கடன் சுமையில்லாமல், தெளிந்த உரித்தோடு வாங்கும் காணி இன்றும் நல்ல சொத்து. குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் அதில் பூட்டிவிடாமல், ஆறு மாதச் செலவுக்காவது கையில் வைத்திருந்தால், கெட்ட நேரத்தில் கெட்ட விலைக்கு விற்க வேண்டியும் வராது.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுத்துக்கு நம் மார்க்கம் கொடுத்த இடம் அது. ஆகவே அடுத்த துண்டுக் காணியைத் தேடிப் போகும் முன்னர், வீட்டிலுள்ள உறுதிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வாப்பாவின் பெயரிலேயே இன்னும் கிடப்பது எது, பங்கு பிரிக்காதது எது, மகளின் வீட்டு உறுதியில் அந்த ஒரு வரி இருக்கிறதா, கடைசியாக எல்லை அளந்தது எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடு நம்பிக்கையான ஒரு சட்டத்தரணியிடம் போவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. பலருக்கு அதுவே இந்த வருடம் செய்யக்கூடிய மிகச் சிறந்த காணி முதலீடாக இருக்கும்.